கோஸ்டா ரிக்கா போறதுக்கு முன்னாடி: கைடு வேணுமா, வேணாமா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி கம்மி. ஆணி கம்மியா இருந்தா ஒரு பொட்டிதட்டி என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட்டைத் திறந்து டூர் பிளான் போடுவான். நானும் ரூம்மேட்டும் அடுத்த வருஷம் கோஸ்டா ரிக்கா போறதா முடிவு பண்ணியாச்சு. விமானம், தங்குற இடம், பஸ், படகு, சாப்பாடுன்னு ஷீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பிருச்சு. ஒரே ஒரு காலம் மட்டும் மேலிருந்து கீழே வரைக்கும் காலி. 'கைடு: ஆமா / இல்லை'.

ரூம்மேட் கட்சி ரொம்ப சிம்பிள். "மாப்ள, போன்ல மேப் இருக்கு, உடம்புல கால் இருக்கு. நடுவுல எவனுக்கோ எதுக்குடா தலைக்கு இவ்ளோ டாலர்?"

எனக்கு அதுல ஒரு சந்தேகம். போன வருஷம் இதே ரெண்டு பேரும் இதே கொள்கையோட ஒரு காட்டுக்குப் போனோம். அஞ்சு மணி நேரம் நடந்தோம். பார்த்தது ரெண்டு அணில், ஒரு காலி சிப்ஸ் பாக்கெட். களைச்சுப்போய் வண்டிகிட்ட வந்தா, அங்க உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "முதல் வளைவுல மரப்பொந்துல ஆந்தை உட்கார்ந்திருந்துதே, பார்த்தீங்களா?" பார்க்கலை. அந்த மரத்துல சாய்ஞ்சு நின்னுதான் நாங்க போட்டோ எடுத்துக்கிட்டோம். :-)

சரி, இந்த ஆமா/இல்லைக்கு நியாயமா ஒரு பதில் கண்டுபிடிப்போம்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சது டிராவல் சைட்டுகளைத் தாண்டி அந்த நாட்டுக் காட்டோட வரலாற்றுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுச்சு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல இடம். மேற்கே பசிபிக், கிழக்கே கரீபியன் கடல், நடுவுல முதுகெலும்பு மாதிரி மலை. மொத்தப் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுல பாதி கூட இல்லை. அதுல நாலில் ஒரு பங்கு நிலம் இன்னைக்கு ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பின் கீழ் இருக்கு.

டூர் கம்பெனிக்காரங்க சொல்ற வரலாறு ரெண்டே வரிதான். 1948ல் ராணுவத்தைக் கலைச்சாங்க, அந்தக் காசுல பள்ளிக்கூடம் கட்டினாங்க, காட்டைக் காப்பாத்தினாங்க, சுபம். இதுல முதல் பாதி உண்மை. 44 நாள் உள்நாட்டுப் போர் முடிஞ்சு ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகெரெஸ், 1948 டிசம்பர் 1ஆம் தேதி சான் ஹோசேயில் இருந்த பெல்லாவிஸ்தா படைமுகாம் சுவத்துல சுத்தியலால ஒரு போடு போட்டு ராணுவத்தைக் கலைச்சார். அந்த முகாம் இப்போ தேசிய அருங்காட்சியகம். எங்க லிஸ்ட்டுல முதல் நாள் சாயங்காலம் அதுதான்.

ஆனா ரெண்டாவது பாதி சுத்த பீலா. ராணுவம் போன அடுத்த நாப்பது வருஷத்துலதான் அந்த நாட்டுக் காடு படுவேகமா அழிஞ்சுது. 1940களில் நாட்டோட முக்கால்வாசி நிலம் காடு. 1980களில் அது கால்வாசிகிட்ட வந்துடுச்சு. யாரு வெட்டினா? மரக்கம்பெனியும் உண்டு, ஆனா முக்கியமான குற்றவாளி மாடு. அமெரிக்கக்காரனோட ஹாம்பர்கருக்கு மலிவா மாட்டுக்கறி வேணும். மாடு வளர்க்கணும்னா வங்கி சுலபமா கடன் கொடுக்கும். இதுக்கு மேல நிலச் சட்டம் வேற. யாருமில்லாத நிலத்துல ஒருத்தன் போய் உட்கார்ந்து அதை 'மேம்படுத்தி'க் காட்டினா பட்டா கேட்கலாம். மேம்படுத்தறதுன்னா என்ன? காட்டை வெட்டறது. வெட்டாம வச்சிருந்தா 'சும்மா கிடக்கிற நிலம்'னு அடுத்தவன் வந்து உட்காருவான்.

நம்ம தொழில்ல இதைப் பார்த்திருக்கோம் இல்லையா? எழுதற வரிக் கணக்குக்கு போனஸ்னு ஒரு மேனேஜர் சொன்னா, பத்து வரில முடியற புரோகிராமை நூறு வரிக்கு இழுப்பான். அந்த விவசாயி மேல எனக்குக் கோபம் வரலை. அளவுகோல் அப்படி வச்சிருந்தாங்க, அவன் அதுக்கு வேலை பார்த்தான்.

அப்படி எல்லாரும் வெட்டிக்கிட்டு இருந்த நேரத்துல 1955ல் ஒரு ஜோடி வந்து இறங்குது. ஸ்வீடன்காரர் ஓலோஃப் வெஸ்பெர்க். அவர் மனைவி, டென்மார்க்கைச் சேர்ந்த கரேன் மோகென்சன். பசிபிக் பக்கம் நிக்கோயான்னு ஒரு தீபகற்பம் தொங்கும், அதோட நுனிக்குப் பக்கத்துல மோன்டெசுமாங்கிற கடற்கரையில நிலம் வாங்கி, பழமரம் வளர்த்து வாழ ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் சைவம். ஊர்க்காரங்க ஓலோஃபை 'நிக்கோலாஸ்'னு கூப்பிட்டாங்க.

தீபகற்பத்தோட கடைசி முனை காபோ பிளாங்கோ. சுத்து வட்டாரத்துல மிச்சமிருந்த ஒரே துண்டுக் காடு அங்கதான் இருந்தது. அதையும் வெட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்தார் ஓலோஃப். 1960ல் வெளிநாட்டு இயற்கை அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார். பணம் கொடுங்க, இந்த நிலத்தை வாங்கிடலாம்னு. பணம் சேர்ந்தது. ஆனா நாட்டுல வனவிலங்குப் பூங்காவுக்குன்னு ஒரு துறையே அப்போ கிடையாது. யார்கிட்ட ஒப்படைக்கறது? அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைஞ்சு அலைஞ்சு, 1963 அக்டோபர் 21ஆம் தேதி அரசாணை வந்தது. சுமார் 1,200 ஹெக்டேர். பேரே 'காபோ பிளாங்கோ முழுமை இயற்கைக் காப்பகம்'. முழுமைன்னா நிஜமாவே முழுமை. 1980களின் கடைசி வரைக்கும் பார்வையாளருக்கு அனுமதி கிடையாது.

எக்கோ டூரிசத்துக்கே தலைநகரம்னு பேர் வாங்கின நாட்டுல, பாதுகாப்பு முயற்சிக்கெல்லாம் முன்னோடியா சொல்ற இந்த இடத்தோட விதி 'டூரிஸ்ட் உள்ள வரக்கூடாது'! இதைப் படிச்சதும் எக்செல் ஷீட்டை ஒரு நிமிஷம் மினிமைஸ் பண்ணி வச்சேன்.

ஓலோஃப் கதை அங்க முடியலை. நாட்டோட தென்மேற்கு மூலையில் ஒசான்னு இன்னொரு தீபகற்பம். மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் மிச்சமிருக்கிற பெரிய தாழ்நில மழைக்காடு அது. அதைத் தேசியப் பூங்கா ஆக்கலாமான்னு பேச்சு நடந்துக்கிட்டு இருந்த சமயம், 1975 ஜூலையில் ஓலோஃப் அந்தக் காட்டைப் பார்க்கப் போனார். வழி காட்டறேன்னு கூட வந்தவனே அவரைக் கொன்னுட்டான்.

கைடு வேணுமா வேணாமான்னு நான் ஷீட்டுல கேட்டுக்கிட்டிருந்த அதே காடு. ரூம்மேட்கிட்ட சொன்னதும், "நான்தான் சொன்னேன்ல, கைடு வேணாம்னு"ங்கறான். படுபாவி.

அதே வருஷம் அக்டோபர்ல கோர்கோவாடோ தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டுச்சு. கரேன் ஊருக்குத் திரும்பிப் போகலை. மோன்டெசுமாவிலேயே தனியா இருந்தாங்க. 1994ல் இறந்தப்போ தங்க நிலத்தை அரசாங்கத்துக்கே எழுதி வச்சுட்டாங்க. அது இப்போ நிக்கோலாஸ் வெஸ்பெர்க் பேர்ல இன்னொரு காப்பகம்.

வெளிநாட்டுக்காரங்க வந்துதான் எல்லாம் செஞ்சாங்கன்னு நினைச்சுடாதீங்க. தேசியப் பூங்காத் துறையை உருவாக்கினது அந்த ஊர்ப் பசங்க ரெண்டு பேர். மரியோ போசா, வனவியல் படிச்சவர். அமெரிக்காவுல கிரேட் ஸ்மோக்கி மௌன்டன்ஸ் பூங்காவைப் பார்த்துட்டு, நம்ம ஊர்ல ஏன் இப்படி இல்லைன்னு கேட்டுக்கிட்டு, போவாஸ் எரிமலையைப் பூங்காவாக்க ஒரு திட்டம் எழுதி அதையே ஆய்வேடாக்கினார். 1969ல் வந்த வனச் சட்டம் ஒரு சின்னத் துறைக்கு இடம் கொடுத்தது. 1970ல் அதுக்கு போசா தலைவர். கூட அல்வாரோ உகால்டே, உயிரியல் மாணவர். அப்போ போசாவுக்கு 28 இருக்கும், உகால்டேக்கு 24. அதாவது என் வயசு. நான் இந்த வயசுல டிக்கெட் க்ளோஸ் பண்ணிக்கிட்டிருக்கேன் (பக் டிக்கெட்டுங்க, சினிமா டிக்கெட் இல்லை).

பசங்க கில்லாடிங்க. காட்டுக்காகக் கேட்டா யார் கேட்பா? அதனால சான்டா ரோசாவைக் கையில எடுத்தாங்க. 1856ல் வில்லியம் வாக்கர்ங்கிற அமெரிக்கக் கூலிப்படைத் தலைவனோட ஆட்களை கோஸ்டா ரிக்கர்கள் அடிச்சு விரட்டின இடம் அது. தேசபக்தி இருக்கு, யாரும் எதிர்க்க முடியாது. அந்தப் போர்க்களத்தைச் சுத்தி இருந்த காடும் சேர்ந்து 1971ல் பூங்கா ஆச்சு. அப்போ மறுபடி அதிபரா இருந்த ஃபிகெரெஸின் மனைவி கரேன் ஓல்சன் இவங்களுக்குப் பெரிய துணை. ஆமா, சுத்தியல் ஃபிகெரெஸேதான்.

இப்போ கோர்கோவாடோ. பூங்கான்னு காகிதத்துல எழுதின அன்னைக்கு அது ஆளில்லாத காடு இல்லை. நிலத்துக்குச் சொந்தம்னு சொல்லிக்கிட்டு ஒரு அமெரிக்க மரக்கம்பெனி, உள்ளுக்குள்ள குடிசை போட்டு மாடும் பன்னியும் வளர்த்த ஏழைக் குடும்பங்கள், ரெண்டுக்கும் நடுவுல சண்டை. அரசாங்கம் கம்பெனியோட நிலத்தை மாத்திக்கிச்சு, குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்து வெளியேத்துச்சு. அத்தோட முடிஞ்சுதா? இல்லை. ஒசாவில் ஆத்து மணல்ல தங்கம் கிடைக்கும். 1980களில் தங்க விலை நல்லா இருந்த நேரத்துல, அந்தப் பக்கத்துக்கே சோறு போட்டுக்கிட்டிருந்த வாழைப்பழக் கம்பெனி கடையைக் கட்டிட்டு 1985 வாக்குல கிளம்பிடுச்சு. வேலை போனவங்க என்ன பண்ணுவாங்க? சல்லடையும் மண்வெட்டியும் எடுத்துக்கிட்டு பூங்காவுக்குள்ள போயிட்டாங்க. ஆறு கலங்கி, கரை இடிஞ்சு, மீன் செத்து... 1986ல் நீதிமன்ற உத்தரவோட போலீஸ் வந்து எல்லாரையும் வெளியேத்துச்சு. வெளியேத்தப்பட்டவங்க தலைநகரத்துப் பூங்காவுல வந்து படுத்து இழப்பீடு கேட்டுப் போராடினாங்க.

இங்க யார் பக்கம் நிக்கறதுன்னு எனக்கு இன்னும் குழப்பம்தான். வீக்கெண்ட்ல பறவை பார்க்கப் போற எனக்காக ஒரு குடும்பத்தை வெளியேத்தினாங்கன்னு நினைச்சா சங்கடமா இருக்கு. அதே நேரம், அன்னைக்கு வெளியேத்தாம இருந்திருந்தா இன்னைக்குப் போய்ப் பார்க்க அங்க காடு இருந்திருக்காது. இதை 'மக்கள் மனமுவந்து வழிவிட்டார்கள்' மாதிரி எழுதற டூர் சைட்டுகளைப் பார்த்தாத்தான் எரிச்சல் வருது.

அந்தத் தங்கம் அரிச்சவங்கள்ல சிலரும் அவங்க பிள்ளைங்களும் இப்போ பூங்கா ஓரத்து ஊர்கள்ல கைடு. எந்த ஓடை எங்க திரும்பும், எந்தத் தடம் டபீரோடது (யானைத் தும்பிக்கைக்கு ஆசைப்பட்டுப் பாதியில விட்ட மாதிரி மூக்கு உள்ள மிருகம்), எந்த நேரத்துல கடல் ஏறி நதிமுகத்தைக் கடக்க முடியாமப் போகும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. 2014ல் இருந்து கோர்கோவாடோவுக்குள்ள அங்கீகாரம் பெற்ற கைடு இல்லாம போகவே முடியாது, விதி. ஆக, ஷீட்டுல அந்தக் கட்டத்துக்கு நான் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு தெரிஞ்சுது. ஆனா விதின்னு தெரிஞ்சு காசு கொடுக்கறதுக்கும், அந்த ஆள் அங்க எப்படி வந்து நிக்கறார்னு தெரிஞ்சு கொடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அப்படியே நாட்டைக் குறுக்கால தாண்டி கரீபியன் பக்கம் வந்துடுங்க. வடகிழக்குல டோர்டுகேரோ. ரோடு கிடையாது, படகு இல்லைன்னா குட்டி விமானம். ஸ்பானிஷ்ல டோர்டுகான்னா ஆமை. பேர்லயே மேட்டர் இருக்கு. நம்ம ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் பேராமைன்னு சொல்ற பச்சைக் கடலாமை, ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் ஆயிரக்கணக்குல இங்க முட்டையிட வரும். மேற்கு அரைக்கோளத்துல இதுதான் அந்த ஆமையோட மிகப் பெரிய முட்டையிடும் கரை.

1950களில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்ச்சி கார் இங்க வந்தப்போ நிலைமை வேற. கடற்கரையை மைல் மைலாப் பிரிச்சு, ஒரு மைலுக்கு ஒரு ஆள்னு வேலைக்குப் போட்டிருந்தாங்க. அவன் வேலை, ராத்திரி கரையேறற ஆமையை மல்லாக்கத் திருப்பிப் போடறது. மல்லாந்த ஆமையால திரும்ப முடியாது. காலையில கப்பலேத்தி, வெளிநாட்டு ஹோட்டல்ல சூப்பாயிடும். முட்டையிடறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டா அடுத்த தலைமுறையும் காலி. கார் 1956ல் 'தி விண்ட்வர்ட் ரோடு'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படிச்சு உருகினவங்க சேர்ந்து 1959ல் கரீபியன் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கினாங்க. இன்னைக்கு அதுக்குக் கடலாமைப் பாதுகாப்பு அமைப்புன்னு பேர்.

கார் செஞ்சதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. ஆமையோட துடுப்புல ஒரு உலோகப் பட்டை மாட்டினார். பட்டையைத் திருப்பி அனுப்பினா 5 டாலர். யார் அனுப்பினாங்கங்கறீங்க? பக்கத்து நாடான நிகராகுவாவுல ஆமை பிடிச்சுச் சாப்பிடற மீனவர்கள்! ஆமையைச் சாப்பிட்டுட்டு பட்டையை அனுப்பிக் காசு வாங்கிக்கிட்டாங்க. அதுலதான் டோர்டுகேரோ ஆமை முட்டையிட்டு முடிச்சு எங்க போகுதுன்னு விஞ்ஞானத்துக்குத் தெரிஞ்சுது. டேட்டா எங்க இருந்து வருதோ அங்க இருந்து எடுத்துக்கிட்டார் மனுஷன்.

1975ல் தேசியப் பூங்கா ஆச்சு. ஊர்க்காரங்களுக்கு ஆமை போச்சு, மரம் வெட்டற வேலையும் போச்சு. 1980களில் டூரிஸ்ட் வர ஆரம்பிச்சான். வந்தவன் சும்மா இருந்தானா? டார்ச் அடிச்சு, ஃப்ளாஷ் போட்டு, முட்டையிட வந்த ஆமையைச் சுத்தி வளைச்சான். மிரண்டு போன ஆமை முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிடும். 1990ல்தான் ஊர்க்காரங்களுக்குக் கைடு பயிற்சி கொடுக்கற திட்டம் ஆரம்பிச்சுது. ஆமை பிடிச்ச குடும்பத்து ஆட்களே ஆமை காட்ட ஆரம்பிச்சாங்க. இப்போ ராத்திரி அந்தக் கரையில கைடு இல்லாம கால் வைக்கக்கூடாது. கேமரா, போன் எதுவும் கூடாது. இருட்டு நிறத்துல சட்டை போடணும். நீங்க மரத்தடியில காத்திருப்பீங்க, கரையில ரோந்து போற ஆள் ஆமையைக் கண்டுபிடிச்சு அது முட்டை போட ஆரம்பிச்சதும் கைடுக்குச் சொல்வார். அதுக்கப்புறம்தான் வரிசையா போகலாம். முட்டை போட ஆரம்பிச்சுட்ட ஆமை அவ்வளவு சுலபமா மிரளாது, அதான் கணக்கு.

ஆக, ஆமையைத் திருப்பிப் போட்ட கடற்கரையில, இன்னைக்கும் ராத்திரி ஆமை தேடி ஆட்கள் நடக்கறாங்க. வேலை மட்டும் மாறிப்போச்சு.

இந்த வேலை எப்பவும் இப்படிப் பத்திரமா முடியறதும் இல்லை. அதே கரையோரம் தெற்கே, லிமோன் துறைமுகத்துக்குப் பக்கத்துல மோயின்னு ஒரு கடற்கரை. அங்க லெதர்பேக் ஆமை முட்டையிட வரும். ஓட்டுக்குப் பதில் முதுகுல தோல் போர்த்தின மாதிரி இருக்கும், கடலாமையிலயே பெருசு. முட்டைக்குக் கள்ளச் சந்தை உண்டு, ஆண்மை கூடும்னு ஒரு நம்பிக்கை (எந்த ஊர்லதான் இந்த வியாதி இல்லை?). போதைமருந்து கடத்தறவங்களும் அந்தக் கரையிலதான். ஹைரோ மோரா சான்டோவால்ங்கிற இளைஞர் அங்க ராத்திரி ரோந்து போய் முட்டைகளைப் பாதுகாத்துக்கிட்டிருந்தார். 2013 மே 30ஆம் தேதி ராத்திரி தன்னார்வலர்களோட போனப்போ அவரைக் கடத்திக் கொன்னுட்டாங்க. வயசு 26. முதல் விசாரணையில குற்றம் சாட்டப்பட்டவங்க விடுதலை ஆனாங்க. மறுவிசாரணையில 2016ல்தான் நாலு பேருக்குத் தண்டனை கிடைச்சுது.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை. ஓலோஃப் கதை ஐம்பது வருஷத்துக்கு முந்தி, கறுப்பு வெள்ளைப் போட்டோ, தூரமா இருந்தது. இந்தப் பையன் என்னைவிடச் சின்னவன். நான் டிரிப்ல ஆமை பார்க்கற ஒரு ராத்திரிக்கு ஷீட்டுல 'மாலை 8 மணி, 2 மணி நேரம்'னு போட்டு வச்சிருக்கேன்.

கடைசியா மலைக்குப் போவோம். மோன்டேவெர்டே, பசுமலைன்னு அர்த்தம். 1,400 மீட்டருக்கு மேல மேகக்காடு. இந்தப் பேரை வச்சவங்க அமெரிக்காவின் அலபாமாவில் இருந்து வந்த குவேக்கர்கள். போர் கூடாதுங்கறது அவங்க சமய நம்பிக்கை. கட்டாய ராணுவச் சேவைக்குப் பேர் பதிய மறுத்த நாலு இளைஞர்களை 1949ல் ஜெயில்ல போட்டாங்க. வெளியே வந்ததும், ராணுவமே இல்லாத நாடு ஒண்ணு இருக்கே, அங்க போயிடுவோம்னு பதினோரு குடும்பம் கிளம்பி, 1951ல் இந்த மலைக்கு வந்து நிலம் வாங்கினாங்க. சுத்தியல் அடி எங்க போய்க் கேட்டிருக்கு பாருங்க!

அவங்களும் வெட்டினாங்க. மாடு வளர்த்தாங்க, பாலாடைக்கட்டி ஃபேக்டரி வச்சாங்க. ஆனா வாங்கின நிலத்துல கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கை மட்டும் தொடாம விட்டாங்க. பறவை மேல இருந்த பாசம் இல்லை, தண்ணிக்காக. மலை உச்சிக் காடு போனா ஓடை வத்திடும், ஓடை வத்தினா ஃபேக்டரி ஓடாது. அவ்வளவு பச்சையான சுயநலம். ஜெயிலுக்குப் போன நாலு பேர்ல ஒருத்தரான வில்ஃபோர்ட் கிண்டன், ஒரு காலத்துல மரம் அறுக்கற செயின்சா விற்பனை பண்ணவர். 1970களின் தொடக்கத்துல பறவை ஆராய்ச்சிக்கு வந்த ஜார்ஜ் பவெல்லோட சேர்ந்து, மோன்டேவெர்டே காப்பகம் உருவாகக் காரணமா இருந்ததும், அங்க நடைபாதை வெட்டினதும், காவல் காத்ததும் அதே ஆள்தான். 1987ல் ஸ்வீடன்ல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க காசு சேர்த்து அனுப்ப, அது பல நாட்டுப் பிள்ளைங்களுக்குப் பரவி, பக்கத்துலயே 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு' உருவாச்சு. 22,000 ஹெக்டேருக்கு மேல. நாட்டுலயே பெரிய தனியார் காப்பகம் அது.

இங்க ஒரு தேரை இருந்தது. தங்கத் தேரை. ஆண் தேரை பளபளன்னு ஆரஞ்சு நிறம், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி. உலகத்துலயே இந்த மலை முகட்டுல சில சதுர கிலோமீட்டர்ல மட்டும்தான். ஜே சாவேஜ்ங்கிற விஞ்ஞானி 1966ல் அதை உலகத்துக்கு அறிவிச்சார். வருஷத்துல சில வாரம் மழைக்குட்டையில கூடும், அப்புறம் மண்ணுக்குள்ள போயிடும். 1987ல் மார்த்தா கிரம்ப்ங்கிற ஆய்வாளர் ஆயிரத்துக்கு மேல எண்ணினார். 1988ல் விரல் விட்டு எண்ணற அளவு. 1989ல் ஒண்ணே ஒண்ணு, ஆண். அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை. 2004ல் அற்றுப்போன இனம்னு அறிவிச்சுட்டாங்க.

காடு வெட்டப்படலை. வேட்டை இல்லை. வேலி, காவல், சட்டம், ஜெயிலுக்குப் போன ஒரு மனுஷனோட வாழ்நாள் உழைப்பு எல்லாம் இருந்தும் போச்சு. நீர்நில வாழ்விகளோட தோலைத் தாக்கற ஒரு பூஞ்சை, அந்த வருஷ எல் நினோ வறட்சி, வெப்பம் கூடி மேகம் மேலே ஏறிப்போனது... எது எவ்வளவுன்னு விஞ்ஞானிகள் இன்னும் வாதாடறாங்க. இதுல பூஞ்சை நம்ம ஷூ அடியில ஒட்டின ஈர மண்ணுலயும் ஊர் விட்டு ஊர் போகும்.

காடு திரும்பி வந்த கதையைச் சொல்லாம விட்டா ஒருபக்கமாயிடும். 1980களில் மாட்டுக்கறி விலை விழுந்து மேய்ச்சல் நிலம் தானா கைவிடப்பட்டது பாதிக் காரணம். மீதிப் பாதி 1996 வனச் சட்டம். காட்டை வேற பயன்பாட்டுக்கு மாத்தத் தடை, அதோட 1997ல் இருந்து காட்டை வெட்டாம வச்சிருக்கிற நில உரிமையாளருக்கு அரசாங்கமே பணம், அதுக்கு எரிபொருள் வரியில இருந்து ஒரு பங்கு. வெட்டினா காசுங்கற பழைய அளவுகோலைத் தலைகீழா மாத்திட்டாங்க. இன்னைக்கு நாட்டுல பாதிக்கு மேல மறுபடி காடு. 1993லயே டூரிசம் வாழைப்பழத்தைத் தாண்டி அன்னியச் செலாவணியில முதல் இடத்துக்கு வந்துடுச்சு. அடுத்த வருஷமே வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணத்தை ஒரே அடியா 15 டாலருக்கு ஏத்தி, டூர்க்காரங்க கத்தின கத்துல 1996ல் 6 டாலருக்கு இறக்கினாங்க. நம்மளை மாதிரி கஞ்சனுங்க அப்பவும் இருந்திருக்காங்க.

சரி, ஷீட்டுக்கு வருவோம். ஜூலைன்னு முடிவாயிருக்கு. மழைக்காலம்தான், ஆனா அந்த மாசம் நடுவுல மழை கொஞ்சம் ஓய்வு எடுக்கும்ங்கறாங்க, ஆமை சீசனும் தொடங்கியிருக்கும். கெட்சால் பறவை கூடு கட்டறது பிப்ரவரியில இருந்து ஜூன் வரைக்கும், அதனால அதைப் பார்க்கற அதிர்ஷ்டம் குறைவு. ரெண்டும் வேணும்னா ரெண்டு தடவை போகணும், பேங்க் பேலன்ஸ் ஒத்துக்காது. கோர்கோவாடோவுல சிரேனா நிலையத்துல ஒரு ராத்திரி தங்க முன்பதிவு முன்கூட்டியே போடணும், அது என் பொறுப்பு.

கைடு காலம் இப்படி நிரம்பியிருக்கு. டோர்டுகேரோ: ஆமா. கோர்கோவாடோ: ஆமா, ஒசா ஊர்க்காரரா இருக்கணும். மோன்டேவெர்டே: முதல் நாள் ஆமா, ரெண்டாம் நாள் நாங்களே. முதல் நாள் அவர் எங்க நின்னு எதைப் பார்க்கறார்னு பார்த்து வச்சுக்கிட்டு, மறுநாள் அதே பாதையில தனியா போய் பரீட்சை எழுதிப் பார்க்கலாம்னு ஐடியா. காபோ பிளாங்கோ: இல்லை. இப்போ உள்ளே விடறாங்க, ஒரு பாதையில சத்தம் போடாம நடந்து போய்க் கடலைப் பார்த்துட்டு வந்தா போதும். அங்க எதையும் தேடிக் கண்டுபிடிக்கற எண்ணம் இல்லை.

ரூம்மேட் மொத்தத்தையும் படிச்சுட்டு, கூட்டுத்தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். சண்டை போடுவான்னு பார்த்தேன். போடலை. எடுத்துட்டுப் போற சாமான் லிஸ்ட்டுல கடைசியா ஒரு வரி மட்டும் சேர்த்துட்டுத் தூங்கப் போயிட்டான்.

'ஷூ கழுவற பிரஷ் - 2. நாட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மோன்டேவெர்டே ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை.'